சைரன் ஊதும் என்று சொன்னவர்

பண்டாரவளையில் என் ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் இங்கிலீஷ் வகுப்பு நடத்தியவர் கிருஷ்ணராஜ். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில் பிறந்தவர். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று மிஞ்சியது தங்கச்சி சுதர்ஷினி மட்டும்தான். அவள் புருஷன் கணபதியோடு அதே லயத்தில் இருந்துகொண்டு கொழுந்து எடுத்தாள்.

மாடி பலகைத் தளம். அவர் படிப்பிப்பது முழுக்கக் கீழே கேட்கும். வேண்டாம் என்றாலும் கேட்கும். ஆணி நிறுத்துக்கொண்டே நானும் பாதி இங்கிலீஷ் படித்துவிட்டேன்.

"ஹீப்னா குவியல். மணல் குவியல்ல ரெண்டு கை அள்ளுனாலும் அது குவியல்தான். செட் அப்படியில்ல. கோப்ப செட்டுல ஒண்ணு ஒடைஞ்சா செட் போச்சு, ஆனா மிச்சத்துல தேத்தண்ணி குடிக்கலாம். மெஷின்ல ஒரு பல்லுச் சக்கரம் போனா மிச்சமெல்லாம் வெறும் இரும்பு. ஓர்கன்னா ஒடம்புல ஒரு உறுப்பு, அதுலேர்ந்து வந்ததுதான் ஓர்கனைசேஷன். ஆர்மி, ரெயில்வே, நெட்வேர்க், எந்தச் சொல்லப் பிரிச்சாலும் உள்ளுக்க இருக்கிறது ஒரே எண்ணம். பல பகுதி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேல, எல்லாம் சேர்ந்தாத்தான் காரியம். அதுதான் சிஸ்டம்."

எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். வங்கிக்குப் போனால் சிஸ்டம் வேலை செய்யாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சிஸ்டத்தில் பெயர் இருக்காது. 'நான்தான் செய்யவில்லை' என்று என் முகத்துக்கு நேரே சொன்ன ஒரு மனிதனை இதுவரை கண்டதில்லை. ஒருநாள் அவரிடமே இதைக் கொட்டித் தீர்த்தேன். மனிதர் சிரித்தார். முஸ்லிம் என்பதால் என்னை அவர் 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, தோட்டத்துல பொறந்திருந்தா ஒங்களுக்கும் அதும்மேல ஆச வந்திருக்கும். அங்க எல்லாம் ஆளோட மனசப் பொறுத்துதான். கங்காணி மனசு, தொரை மனசு. யாரு வந்தாலும் யாரு போனாலும் காரியம் தானா நடக்கணுங்க. அந்த மாதிரி ஒண்ணு எங்களுக்கு வாய்க்கவே இல்ல."

அப்புறம் வாய்த்தது. மண்சரிவு அபாயம் உள்ள தோட்டமென்று அதிகாரிகள் வந்து கோயில் முன்றலில் கூட்டம் வைத்தார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. ஆகவே கிருஷ்ணராஜைக் கூப்பிட்டார்கள். மழைமானியை ஒருவர் பார்ப்பார், அளவு தாண்டினால் ஆபீஸுக்குப் போன் எடுப்பார், ஆபீஸ் கிளாக்கர் பெக்டரி வாச்சருக்குச் சொல்வார், வாச்சர் சைரனை ஊதுவார், சனம் பள்ளிக்கூடத்துக்குப் போகும். இதை அவர் எவ்வளவு ஆசையாக விளக்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து எனக்கும் அதே உற்சாகத்தோடு சொன்னாரே.

லயத்துப் பெண்களிடம் அதுவரை வேறு வழக்கம் இருந்தது. மலையிலிருந்து குழாய் வழி விழும் பீலித் தண்ணீர் மண் கலந்து சிவந்துவிட்டால், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பல தடவை ஒன்றும் நடக்காது. பெரட்டில் நிற்காதவளுக்கு அன்றைய பேர் விழாது, அதாவது கூலி போச்சு. கணக்கப்பிள்ளையின் ஏச்சு வேறு. கூட்டத்தில் கிருஷ்ணராஜ் சொன்னார்: "இனிமே தண்ணியப் பாத்து ஓட வேணாம். சைரன் ஊதும்." அந்தச் சனத்தின் கூலி போகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அந்தக் காலையில் மழை பேய்த்தனமாக அடித்தது. வகுப்புக்கு யாரும் வரவில்லை. அவர் என் கடையில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சுதர்ஷினி போன் எடுத்தாள். மழை இரைச்சலில் கேட்கவில்லையென்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணே, பீலித் தண்ணி செவந்து போச்சு. இவரு மழத்தண்ணி ஓடக் கான் வெட்டப் போயிட்டாரு. நான் ஸ்கூலுக்குப் போகவா?"

"சைரன் ஊதுச்சாம்மா?"

"இல்லண்ணே."

"அப்ப பயப்படாத. அளவு தாண்டுனா ஊதும்."

"சரிண்ணே."

பெரட்டு நேரமும் தாண்டிவிட்டது, மழையில் கொழுந்து வேலையும் இல்லை. அவள் காம்பராவிலேயே இருந்தாள். மலை சரிந்து லயத்தின் மேல்பக்கத்தைக் கொண்டுபோனது. மறுநாள்தான் அவளை எடுத்தார்கள். நான் கூடப் போனேன். போயிருக்கக்கூடாது. இன்றைக்கும் அந்த மண்வாசனை வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

விசாரணை பதுளையில். அளவு பார்த்தவர் நேரத்துக்குப் பார்த்திருக்கிறார். போன் எடுத்திருக்கிறார். கிளாக்கர் வாச்சருக்குச் சொல்லியிருக்கிறார். வாச்சர் சுவிட்சை அழுத்தியிருக்கிறார், கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் சாவி மெஷின் பார்க்கும் பிட்டரிடம், பிட்டரோ தொரை பங்களாக் கூரை ஒழுகுகிறதென்று மேலிடத்து உத்தரவில் போயிருக்கிறார். ஒருத்தர் சொன்னதும் பொய்யில்லை. பெக்டரியிலிருந்து லயத்துக்குக் கத்திக்கொண்டு ஓடினால் ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம்கூட ஆகாது. ஓடுவது யாருடைய வேலையும் இல்லை. அதனால் யாரும் ஓடவில்லை.

கடைசியில் அதிகாரி சிஸ்டம் பெயிலியர் என்று முடித்தார். எழுந்து கத்தினேன். வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கிருஷ்ணராஜ் உள்ளேயே இருந்து, அந்த முடிவைச் சனத்துக்குத் தமிழில் எடுத்துச் சொல்லிவிட்டு வந்தார். இதையும் அவரையே செய்ய வைத்தார்கள், பாவிகள்.

பஸ் நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். கணபதியிடம் கோபம்கூட இருக்கவில்லை. இருந்திருந்தால் தேவலை.

"சிஸ்டத்துமேல தப்புன்னு எழுதிட்டாங்க கணபதி," என்றார் கிருஷ்ணராஜ்.

"பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா புள்ளைகளோட கெளம்புறப்ப இவளையும் கையப் புடிச்சு இழுத்திருக்கு மச்சான்," என்றான் கணபதி. "வரமாட்டேன்னுட்டாளாம். சைரனப் பத்தி ஒரு வார்த்தகூடச் சொல்லலயாம். எங்கண்ணன் பயப்படாதன்னு சொல்லிருச்சுன்னு சொன்னாளாம்."