மச்சானுக்கு வைத்த எண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர் ஸ்பேனர். அது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பத்து வயதில் பட்டறையில் சேர்ந்த நாள் முதல் கையில் ஸ்பேனரும் முகத்தில் கிரீஸுமாகத் திரிந்ததால் தெரு வைத்த பெயர். ஐம்பது வருடம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தே வீடு கட்டினார், மகளைக் கரையேற்றினார். யார் தயவும் இல்லை, யார் சிபாரிசும் இல்லை. முழங்கால் இரண்டும் மக்கர் செய்யத் தொடங்கியபோதும் அவர் மூலையில் முடங்கவில்லை. பட்டறையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கார்ப் பந்தய விளையாட்டுக் கூடமாக மாற்றினார். நான்கு இருக்கைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஸ்டியரிங், காலடியில் பெடல்கள், எதிரே மூன்று திரைகள். கழித்துப்போட்ட கார்களிலிருந்து இருக்கைகளைப் பிடுங்கிவந்து, சட்டங்களை அவரே வெல்டிங் வைத்தார். இன்றுவரை ஒன்றுகூட ஆடியதில்லை.

அதெல்லாம் யாரும் செய்யலாம். ஸ்பேனரின் வித்தை வேறு.

அந்த விளையாட்டில், எதிரே ஓடும் கார்களைக் கம்ப்யூட்டரே ஓட்டும். அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓட்ட வேண்டும் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண் வைக்கலாம். நூறு வைத்தால் எமகாதகன். ஐம்பது வைத்தால் நேற்று லைசென்ஸ் வாங்கியவன். வந்தவர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்று முடிப்பதற்குள், அவருக்கு எந்த எண் என்று ஸ்பேனருக்குத் தெரிந்துவிடும். வளைவுக்கு முன்னால் கால் எப்போது பிரேக்குக்குப் போகிறது, கை ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பார். கல்லாவில் உட்கார்ந்து எண்ணைத் தட்டுவார். அந்த ஆள் கடைசிச் சுற்று வரை வியர்த்து விறுவிறுத்து, ஒரு கார் நீளத்தில் ஜெயிப்பார். மறுவாரம் நண்பனையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஆடுகிறவர் பின்தங்கினால் எதிராளிகள் தாமாகவே வேகம் குறைக்கிற வசதியும் அதில் உண்டு. ஸ்பேனர் அதைத் தொட்டதே இல்லை.

"அது நமக்காகக் காத்து நிக்கிறது நமக்கே தெரிஞ்சிடும்யா. தெரிஞ்சு ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?" என்பார்.

எல்லாப் பாதையிலும் எல்லா எண்ணும் ஒன்றல்ல என்பதையும் அவரேதான் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் கார்களை மட்டும் தங்களுக்குள் ஓடவிட்டு, கையில் ஸ்டாப்வாட்சோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையில் எண்பது வைத்தாலும் அவை கொண்டை ஊசி வளைவில் எருமை மாதிரி திரும்பின. ஆகவே அங்கே எட்டு கூட்ட வேண்டும். இப்படி வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும், பாதை ஒவ்வொன்றுக்கும், தேதி போட்டு ஒரு நீள நோட்டில் எழுதிவைத்தார். எழுத்துத்தான் கோழி கிளறியது. எண்கள் அச்சு அச்சாக இருக்கும்.

ஒரு தடவை அவர் மனைவியே வந்து உட்கார்ந்து ஓட்டினாள். முதல் இடம். கூடமே கைதட்டியது. "எனக்கு எம்பது வச்சாராம், தெரியுமா?" என்று ஒரு மாதம் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அண்ணன்தான் மச்சான். முப்பத்தைந்து வருடம் பாரவண்டி ஓட்டியவர். தூக்கத்தில்கூட இடது கை கியர் மாற்றும் என்று அவர் பெண்டாட்டி சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். அதை முழுக்கப் பிரித்துக் கோத்துக் கொடுத்தது ஸ்பேனர். சனிக்கிழமை காலையானால் மச்சான் கூடத்துக்கு வந்து மூன்றாவது இருக்கையில் உட்காருவார். அவருடைய எண் தொண்ணூற்றொன்று. அந்தக் கூடத்தில் வேறு எவருக்கும் அந்த எண் கிடையாது.

"மாப்ள, எண்ணைக் கூட்டு. உன் கம்ப்யூட்டர் கொட்டாவி விடுது."

"மச்சான், அடங்குங்க. போன வாரம் சுவத்துக்கு முத்தம் கொடுத்தது யாரு?"

"அது பாசம்டா."

இரண்டு கிழவர்கள் சிரிக்கிற சிரிப்பில் மற்ற மூன்று இருக்கைக்காரர்களும் வளைவைத் தவறவிடுவார்கள்.

திரையின் ஓரத்தில், பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. மச்சானின் கோடு வளைவுக்கு முன்னால் வருகிற நூறு மீட்டர் பலகையில் சுள்ளென்று எழும். ஒரு சனிக்கிழமை அது கொஞ்சம் தாமதமாக எழுந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். மச்சானுக்குச் சர்க்கரை வியாதி பல வருடமாக உண்டு. பாதம் மரத்துப்போகிறது என்பதை மருத்துவருக்கு முன்னால், வீட்டுக்காரர்களுக்கு முன்னால், மச்சானே உணர்வதற்கு முன்னால் ஸ்பேனர் கண்டுபிடித்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அந்த வாரம் மச்சான் ஆட்டம் முடித்து எழுந்து, காலை உதறிக்கொண்டே சொன்னார்: "வயசாகுது மாப்ள. நானே ஒரு முடிவு பண்ணிட்டேன். என்னைக்குத் தொண்ணூத்தொண்ணுல தொடர்ந்து மூணு வாரம் தோக்குறேனோ, அன்னைக்கு வண்டிச் சாவியை உன் கையில கொடுத்துடறேன். மத்தவன் சொல்லி நான் கேக்க மாட்டேன். உன் மெஷின் பொய் சொல்லாது."

அடுத்த வாரம் மச்சான் தோற்றார். அதற்கடுத்த வாரமும் தோற்றார். கார்ச் சாவியை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் ஓட்டிய மனுஷன், கடைத்தெருவில் தொலைந்த குழந்தை மாதிரி இருந்தார். மூன்றாவது சனிக்கிழமை, ஸ்பேனரின் விரல் கல்லாவில் எண்பத்தெட்டைத் தட்டியது. மச்சான் ஜெயித்தார். எழுந்து வந்து மாப்பிள்ளையின் மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்தார்.

பிறகு எண்பத்தைந்து. எழுபத்தொன்பது. எழுபது. எதிராளிகள் மெதுவாக ஓடுவது தெரியாமலிருக்க, அவர்களுக்கு இடித்துக்கொண்டு நுழைகிற மூர்க்கத்தை மட்டும் கூட்டினார். மச்சானுக்கு அது கடும் போட்டியாகத் தெரிந்தது. அந்த நுணுக்கத்துக்கு எந்த என்ஜினீயரும் ஸ்பேனரின் பக்கத்தில் நிற்க முடியாது. ஒன்றரை வருடத்தில் எண் நாற்பத்து நான்குக்கு வந்தது. ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினார். எழுதாமல் வேலை செய்து அவருக்குப் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை ஸ்பேனரின் மனைவி கண் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. நான்கு இருக்கையிலும் ஆள், ஸ்பேனரால் கல்லாவை விட்டு நகர முடியாது. ஆட்டம் முடித்த மச்சான், "வா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். அவள்தான் கவனித்தாள்.

"அண்ணே, வலது கால் செருப்பு எங்க?"

மச்சான் குனிந்து பார்த்தார். பாதம் வெறுமனே இருந்தது. பெருவிரலில் ரத்தம்கூடக் காய்ந்திருந்தது. "அட, வர்ற வழியில எங்கேயோ இறங்கிக்கிச்சு போல. டிக்கெட் வாங்காம ஏறின செருப்பு" என்று சிரித்தார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. கணவனைப் பார்த்தாள். "என்னங்க, அண்ணன் ஓட்டலாம்ல?"

ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்' என்று சொன்னால் மச்சான் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் நோட்டைக் காட்ட வேண்டும். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குத் தெருவில் முப்பது ஒரு பெரிய விஷயமா என்று ஸ்பேனரின் மனம் சமாதானம் சொன்னது.

"உங்க அண்ணனையா கேக்கறே? இப்பதான் தொண்ணூத்தொண்ணுல முதல்ல வந்தாரு. ராஜா மாதிரி கொண்டுபோய் விடுவாரு."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு தெரு தள்ளி, இறக்கம் முடிகிற இடத்தில், குழாய்க் கிடங்கின் மதிலில் கார் மோதி நின்றது. மச்சான் அங்கேயே போய்விட்டார். அவளுக்கு இடது கை முறிந்தது.

ஈமக் காரியங்கள் முடிந்த மறுநாள், கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு ஸ்பேனர் தனியாகப் போனார். முழங்கால் வலியோடு தரையில் படுத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டைகளை எடுத்துப் பார்த்தார். அவர் கையால் மாட்டியவை. தேய்மானம் இல்லை, கசிவு இல்லை, ஆயில் அளவு சரி. வேலை சுத்தம். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, மகளைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அழாத மனுஷன், தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

கையில் கட்டோடு ஒரு மாதம் அவள் சரியாகப் பேசவில்லை. ஒரு காலை, கூடம் திறக்குமுன் வந்து மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தாள்.

"பிரேக்கு, பிரேக்குன்னு கத்தினேன். மிதிக்கிறேன், மிதிக்கிறேன்னு சொன்னாரு. குனிஞ்சு பாத்தேன். கால் ஆக்சிலேட்டர் மேல இருந்துச்சு. அவருக்குத் தெரியவே இல்லங்க. தொண்ணூத்தொண்ணுல ஜெயிக்கிற காலு எப்படிங்க தெரியாமப் போகும்?"

பிரேக் கெட்டிருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஸ்பேனர் கல்லாவிலிருந்து நோட்டை எடுத்து, மச்சானின் பக்கத்தை விரித்து அவள் மடியில் வைத்தார். எழுத்துக் கூட்டத்தான் அவளுக்குச் சிரமம். எண்கள் நன்றாகத் தெரியும். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு... நாற்பத்து நான்கில் விரல் நின்றது. தேதியைப் பார்த்தாள். அண்ணன் போட்ட மூன்று வாரக் கணக்கு அவளுக்கும் தெரியும்.

"அவரு சாவியைக் கொடுத்திருப்பாரு" என்றாள்.

"கொடுத்திருப்பாரு."

"உங்ககிட்டதான் கேட்டேன். அன்னைக்கு உங்ககிட்டதான் கேட்டேன்."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "ஸ்பேனரண்ணே, திறக்கலயா?" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அன்னைக்கு நான் ஓட்டி ஜெயிச்சேனே. எனக்கு எவ்வளவு வச்சிருந்தீங்க?"

"பன்னெண்டு" என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "வேற எதுல எல்லாம் எனக்கு இப்படி வச்சீங்க?"

அவள் ஒற்றைக் கையால் நோட்டை மூடி, கட்டுப்போட்ட கைக்கும் மார்புக்கும் நடுவில் செருகிக்கொண்டு, அண்ணியின் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணியிடம் அதைக் காட்டினாளா என்று தெரியாது. இன்னும் திரும்பவில்லை, நோட்டும் வரவில்லை.

கூடம் திறந்துதான் இருக்கிறது. வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஸ்பேனர், "எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்கிறார்.

"வழக்கமா வைக்கிறதையே வைங்கண்ணே" என்கிறார்கள்.

அது எவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார். பாதிப் பேர் முகம் தொங்கிப்போகிறது, மறுவாரம் வருவதில்லை. சனிக்கிழமை காலையில் மூன்றாவது இருக்கையில் அவரே உட்கார்ந்து, தொண்ணூற்றொன்று வைத்து ஓட்டுகிறார். முழங்கால் மடங்காது, முதல் வளைவிலேயே எல்லாக் கார்களும் தாண்டிப் போய்விடுகின்றன. எதுவும் அவருக்காகக் காத்து நிற்பதில்லை.