இறால் வைக்காத சுசி

கொழும்புத்துறைக் கரையில் கடல்நீரேரியைக் கடந்து பூநகரிக்குப் போகும் படகுக்காகக் காத்திருக்கிறேன். புகை தெரிந்தால் ஹெலிகொப்டர் வந்து சுடும் என்று யாரும் அடுப்பு மூட்டவில்லை. முன்பு யப்பான் கப்பலில் சமையல்காரராக இருந்த மரியதாஸ் அண்ணை, காலையில் வீட்டில் வடித்துக் கொண்டுவந்த சோற்றில் வினாகிரி கலந்து பிடித்து, மேலே பச்சைச் சூரைமீன் துண்டு ஒன்றை வைத்து நீட்டுகிறார்.

"இதுதான் சுசி. கடற்பாசித் தாளிலை சுத்துறதும் இருக்கு. கணவாய், இறால் வைக்கிறதும் இருக்கு."

கரையோரத் தண்ணீரில் கொழுத்த இறால்கள் துள்ளுகின்றன.

"இறாலிலை ஒண்டு செய்யுங்கோவன், அண்ணை."

"உந்த இறாலை இப்ப ஒருத்தரும் தொடுறேல்லை, தம்பி. போன கிழமை சனத்தோடை போன படகு வெடிபட்டுத் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு. ஒருத்தற்றை உடம்பும் கரைக்கு வரேல்லை. இறால் அடியிலை கிடக்கிறதைத்தான் தின்னும்."

படகுக்காரர் கூப்பிடுகிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறேன். ஒவ்வோர் அடி வைக்குமுன்னும் கால்விரலால் தரையைத் தடவிப் பார்க்கிறேன்.