கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட கிடார்

அத்தானுக்குச் சத்தம் ஆகாது. பாட்டு ரெக்கார்டிங் செய்து பிழைக்கிறவருக்குச் சத்தம் ஆகாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வீட்டில் மிக்ஸி ஓடினால் மாடிக்குப் போய் நின்றுகொள்கிற மனிதர் அவர். அக்காவுக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் அழுத்தி அடுக்குவாள். நாலாவது பாத்திரத்துக்குள் அத்தான் வழிக்கு வந்துவிடுவார்.

கல்லூரியில் படித்த காலம் முழுக்க நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், எடுத்தது இயற்பியல். வெற்றிடக் குழாய்க்குள் எலக்ட்ரான் எப்படிப் பாய்கிறது என்று படம் போட்டு, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வால்வு என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்தக் குழாய் ஒன்று எரிவதைக் கண்ணால் பார்த்தது மட்டும் அத்தானின் ஸ்டுடியோவில்தான்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக் கீழே நடைவழி, அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. ஒன்றில் வாசிப்பார்கள். மற்றதில் அத்தான் தன் மெஷின்களோடு உட்கார்ந்திருப்பார். நடுச்சுவரில் இரட்டைக் கண்ணாடி வைத்த ஜன்னல். மாடியில் பல்லைக் குடைந்தால் கீழே மைக்குக்குக் கேட்டுவிடும் என்பதால் நல்ல வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். மைக் திறந்திருக்கும்போது நாற்காலி முனகினால் ஆளையும் நாற்காலியையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார். ஒரு பாடகரிடம், சட்டை சரசரக்கிறது, கழற்றிவிட்டுப் பாடுங்கள் என்று கேட்டார், அவரும் பனியனோடு காதல் பாட்டுப் பாடிவிட்டுப் போனார்.

இவருக்கு வாய்த்த சிநேகிதர் ஊரிலேயே அதிகச் சத்தம் போடுகிற ஆள். எல்லோரும் அவரை நெட்டை என்போம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். பகலில் லிஃப்ட் மெக்கானிக், மற்ற நேரமெல்லாம் எலெக்ட்ரிக் கிடார். அவரிடம் கிடாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும், பழைய பாணியில் செய்த வால்வு ஆம்ப் ஒன்று இருந்தது. துணி ஒட்டிய சின்ன அலமாரி அளவுக்கு இருக்கும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஸ்விட்சைப் போட்டால் உடனே பேசாது. பின்பக்கம் வால்வுகள் மெதுவாகச் சிவந்து, காய்ந்த தூசி வாசனை வந்த பிறகுதான் பேசும். தந்தியை மெல்லத் தொட்டால் தெளிவாகச் சொல்லும். அழுத்தினால் தொண்டை கட்டினவன் போலக் கரகரக்கும். அந்தக் கரகரப்பைப் பிடிக்கத்தான் அத்தான் ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டியிட்டு, மைக்கை ஒரு விரல் இப்படி, அரை விரல் அப்படி என்று பாதி நாள் நகர்த்துவார். நெட்டை உள்ளே உட்கார்ந்து, பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டான்டா என்று கிண்டல் செய்வார்.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசிப் பாட்டின்போது ஆம்ப் ரிப்பேரில் இருந்தது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. அந்தப் பாட்டைப் பாடிய பாடகிக்கோ அவசரம். அத்தான் ஒரு யோசனை சொன்னார். கிடாரின் வயரை ஆம்ப் இல்லாமல் நேராக மெஷினில் சொருகிப் பதிந்துகொள்வது. விரல் செய்தது முழுவதும் வயரில் அப்படியே இருக்கும், ஆம்பின் குரல் மட்டும் இருக்காது. ஆம்ப் வந்த பிறகு அந்தப் பதிவை ஆம்புக்குள் அனுப்பினால், யாரோ எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று அது நம்பிக்கொண்டு பாடும். முன்னால் மைக் வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

நெட்டைக்கு இது பிடிக்கவில்லை. வயரில் கேட்ட அவருடைய கிடார் கொசு போல இருந்தது.

"உயிரோட இருக்கும்போதே என்னை ஆவியாக்குறியேடா," என்றார். "சரி, வாசிச்சுத் தொலைக்கிறேன். ஆனா ஆம்ப் வந்ததும் நான்தான் வந்து செட் பண்ணுவேன். நீ கை வைக்காத. நீ ஒரு பயந்தாங்கொள்ளி, ட்ரெபிளைக் குறைச்சிடுவ."

அத்தான் கை வைப்பதில்லை என்று சத்தியம் செய்தார்.

ஆம்ப் திரும்பி வருவதற்கு முன் நெட்டை போய்விட்டார். காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர் அங்கேயே சரிந்தார். இதயம் என்றார்கள். ரிப்பேர்க்காரர் ஆம்பைப் பளபளவென்று துடைத்து, எல்லாக் குமிழையும் பூஜ்யத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். நெட்டை எதை எங்கே வைத்திருந்தார் என்று இனி சொல்ல ஆளில்லை.

அவர் கடைசியாக வாசித்தது அந்த ஒன்றுதான். அதற்கு அவருடைய குரலே கிடைக்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் வேறு யாரோ வாசித்ததாகிவிடும், கை வைக்க மாட்டேன் என்று சொன்ன கையே அதைச் செய்ததாகிவிடும். அத்தானுக்கு இதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

முதல் தடவை முயன்ற ஞாயிற்றுக்கிழமை நானும் கூட இருந்தேன். உத்தேசமாகக் குமிழ்களை வைத்து, மைக் வைத்து, வாசிக்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து பதிவை ஓடவிட்டார். நெட்டை ஆரம்பிக்குமுன் தாளத்துக்காகக் கிடாரின் கட்டையை நகத்தால் நாலு தட்டுத் தட்டுவார். வயரில் அது சின்ன டிக் டிக். ஆம்பிலிருந்து வந்தபோது, ஆளில்லாத அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. அத்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

திறந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. கண்ணாடி வழியாக எனக்கு அவர் முகம் தெரிந்தது. உள்ளே காலி நாற்காலி, சிவந்த வால்வுகள். கிடார் வாசித்துக்கொண்டிருந்தது. தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலியும், வரிகளுக்கு நடுவே உள்ளங்கையால் தந்தியை அமுக்கும் சின்னத் தட்டலும் ஒன்று விடாமல் கேட்டன. கதவை மெதுவாக, தூங்குகிற குழந்தை இருக்கும் அறையைச் சாத்துவது போலச் சாத்திவிட்டு வந்து, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பாடகி போன் செய்தால் அக்காவை எடுக்கச் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் தலையைத் தூக்கி எதையோ கேட்பார். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"நீ படிச்சவன், சொல்லு. வயர்ல இருக்கிறது அவன் விரல்தானே? அதை அவன் ஆம்ப்ல விட்டா, அப்ப உள்ள வாசிக்கிறது யாரு?"

அது வெறும் மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்று விளக்கினேன். பேப்பர் எடுத்துப் படமும் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாப் படிச்சிருக்க," என்று எழுந்து போனார்.

கடைசியில் அக்காதான் சொன்னாள், இதை டீச்சரைக் கேட்டால் என்ன என்று. டீச்சர் என்றால் நெட்டையின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். கட்டின புருஷனே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒருத்தியை வரச்சொல்லி, செத்துப்போன புருஷன் வாசிப்பதைக் கேளுங்கள் என்று எந்த வாயால் சொல்வது என்றார் அத்தான். உங்க வாயை யார் நம்பினா, நான் போறேன் என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டீச்சர் அடுத்த ஞாயிறு மத்தியானம் வந்தார். தோளில் பை, பை நிறையப் பரீட்சைத் தாள். சீக்கிரம் போக வேண்டும், திருத்தி முடிக்கவில்லை என்று வரும்போதே சொல்லிவிட்டார். அத்தான் அவரைத் தன் நாற்காலியில், பெரிய ஸ்பீக்கர்களுக்கு நேராக உட்கார வைத்துப் பதிவை ஓடவிட்டார். நாலு தட்டு கேட்டதும் டீச்சரின் கை பையின் வாரை இறுகப் பிடித்தது. கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது அவரு இல்லண்ணே."

அத்தான் ஓடிப்போய் ட்ரெபிளைக் கூட்டிவிட்டு வந்தார். இல்லை. பாஸைக் குறைத்தார். இல்லை. மைக்கை நகர்த்தினார், மாற்றினார், ஆம்பையே சுவரைவிட்டு இழுத்துப் போட்டார். டீச்சர் தப்பான விடைக்குக் கோடு போடுவது போல ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அத்தானின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எனக்கே பாவமாக இருந்தது.

திடீரென்று டீச்சர் எழுந்தார். இவ்வளவு கிட்டத்தில் நான் எப்போது கேட்டேன் என்றார். வீட்டில் நெட்டை உள்ளறையில் வாசிப்பார், தான் கதவைச் சாத்திக்கொண்டு இந்தப் பக்கம் தாள் திருத்துவார். இத்தனை வருஷமும் கதவுக்கு அந்தப் பக்கம்தான். சொல்லிக்கொண்டே நடைவழிக்குப் போய், வாசிக்கும் அறையின் சாத்திய கதவுக்கு எதிரே, படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர்க் கேன்கள் இருந்த இடத்தில் நின்றுகொண்டார்.

அதன்பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான் உள்ளே ஆம்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். டீச்சர் வெளியே நின்று சொல்வதை நான் கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தொண்டை கட்டட்டும் என்றார். இது கோபமாக இருக்கும்போது வாசிப்பது, கோபம் வேண்டாம் என்றார். ஒருமுறை, இது விருந்தாளி வந்திருக்கும்போது என்றார். அதற்கு எந்தக் குமிழைத் திருப்புவது என்று அத்தான் கேட்கவில்லை, எதையோ திருப்பினார். அடுத்து என்ன என்று கேட்கத் திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி நின்றிருந்தார்.

"வந்துட்டாரு," என்றார், என்னிடம் அல்ல.

அத்தான் குமிழ்களிலிருந்து கையை எடுத்து, மூச்சுக்கூட விடாமல் வெளியே வந்தார். டீச்சரை நடைவழியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நானும் அவரும் மெஷின் அறைக்குப் போனோம். பதிவு ஆரம்பம். எங்கள் எதிரே சத்தத்தின் அளவு காட்டும் இரண்டு முள் ஆடின. ஒன்று வயரிலிருந்து ஆம்புக்குப் போவது, இன்னொன்று மைக்கிலிருந்து வருவது. நாலு தட்டு. அப்புறம் நெட்டை. சந்தேகமே இல்லை, நெட்டைதான். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு பாதி வந்திருக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. டீச்சர் உள்ளே வந்தார். தயக்கமில்லை. நேராக ஆம்பிடம் போய், குனிந்து, வால்யூமைக் குறைத்தார்.

வீட்டில் அவர்கள் வழக்கம் அது. சத்தம் தாங்காதபோது டீச்சர் பேனாவோடு உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் வால்யூமைக் குறைப்பாராம். நெட்டை நிமிர்ந்து பார்க்காமலேயே அந்த அளவுக்குத் தந்தியை ஓங்கி அடிப்பாராம். இவர் இன்னும் குறைக்க, அவர் இன்னும் ஓங்கி அடிக்க, தந்தி அறுந்தாலோ டீச்சர் சிரித்தாலோதான் முடியும். அவர்கள் போட்ட சண்டையெல்லாம் அநேகமாக இந்த ஒரு சண்டைதான்.

இப்போது சத்தம் இறங்கியது. இறங்கியது இறங்கியபடியே இருந்தது.

டீச்சர் குமிழில் கை வைத்தபடி காத்திருந்தார். இன்னும் குறைத்தார். மைக் முள் சாய்ந்தது. வயர் முள் முன்பு ஆடிய அதே ஆட்டம், ஒரு கோடு கூடவில்லை. அத்தானின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போய் அதன்மேல் அப்படியே நின்றது. டீச்சர் வால்யூமை முழுக்க மூடினார். அறையில் ஒரு ஒலியும் இல்லை. வயர் முள் மட்டும் தன்பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ காதில் விழாத கிடாரை வாசிப்பது போல.

மைக் திறந்திருந்தது. அதனால் டீச்சர் முணுமுணுத்தது எங்கள் பெரிய ஸ்பீக்கர்களில், காதோரம் சொன்னது போலக் கேட்டது.

"ஏங்க. கொஞ்சம் அழுத்தி வாசிங்களேன்."

பாட்டு முடிந்து வயர் முள்ளும் படுத்தது. அத்தான் எழுந்து உள்ளே போனார், நான் வாசலோடு நின்றேன். கெடுத்துவிட்டேன், கை தானாகப் போய்விட்டது என்று டீச்சர் மன்னிப்புக் கேட்டார். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அத்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"பரவால்ல டீச்சர். எத்தனை தடவை வேணும்னாலும் வாசிப்பான். அப்படியே வாசிப்பான்."

"அதாண்ணே," என்றார் டீச்சர். "அவரு ஒரு தடவை வாசிச்ச மாதிரி இன்னொரு தடவை வாசிச்சதே இல்ல."

பிறகு டீச்சர் குனிந்து வால்யூமைத் தானே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு குறைத்தோம் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டு மெஷின் அறைக்கு வந்து, தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் தடவை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. எப்படி இருக்கிறது என்று அத்தான் கேட்டார். டீச்சர் ஒரு தாளின் கடைசிக் கணக்குக்கு மதிப்பெண் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாருக்கு. அவரு ஆம்ப் சத்தம் இதேதான்."

ஆம்பை வீட்டுக்கு அனுப்பட்டுமா என்றதற்கு, இங்கேயே இருக்கட்டும், யாராவது ஆள் வந்து வாசிக்கட்டும் என்றார். ஆள் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

பாட்டு வெளிவந்தது. கிடாரைப் பலர் பாராட்டினார்கள், யார் வாசித்தது என்றும் விசாரித்தார்கள். அத்தான் அதன்பிறகு வயரில் மட்டும் வாசித்துவைக்க யாரையும் விட்டதில்லை. நேரமில்லை என்று கெஞ்சுகிறவர்களிடம், நேரம் இருக்கும்போது வாங்க என்பார். அந்த ஆம்பில் இப்போது நிறையப் பேர் வாசிக்கிறார்கள், மோசமாக வாசிக்கிறவர்களும்தான். அவர்களை அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அறை காலியாக இருக்கும்போது ஸ்விட்சைப் போட மாட்டார். வால்வு சூடாக நேரம் பிடிக்கும், வாசிக்கிறவரோ தாமதமாக வருவார். அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் வரும். இன்றைக்கும் வருகிறது. கிடாரைப் பிடிக்கக்கூடத் தெரியாத நான் போய், உள்ளே அந்த நாற்காலியில், வால்வுகள் சிவந்து முடியும்வரை ஆம்புக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அத்தான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் எழுந்தால் கையைக் காட்டி உட்காரச் சொல்வார்.