அந்தப் புருஷன் முத்துவேல் அல்ல

கம்பளையில் கடைக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கண்டியிலிருந்து ரயிலில் வந்த வியாபாரி ஒருவர், "முத்துவேல் காலையில தவறிட்டாரு" என்றார். அதே மூச்சில், "பெண்சாதியச் சந்தேகப்பட்டே காலத்த ஓட்டின மனுஷன்" என்றும் சேர்த்துக்கொண்டார். உடலை இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் இந்தப் பேச்சு!

முத்துவேல் கண்டி முனிசிபல் கந்தோரில் கிளார்க். மாலையில் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து இசை நாடகங்களுக்குப் பாட்டும் மெட்டும் கட்டுவார். அவருடைய கடைசி நாடகத்தில் ஒருவன் மனைவியைச் சந்தேகித்து மழையில் துரத்துகிறான். அது அவர் சொந்தக் கதையேதான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. குழாயடியில் அவர் மனைவி மீனாட்சி அம்மாளிடம், "ஒங்களையும் அடிப்பாரா அக்கா?" என்று கேட்டார்கள். அவர் குடத்தை நிரப்பாமலே திரும்பினார். முத்துவேல் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கொலைகாரனுக்குப் பாட்டுக் கட்டினா என்னையத் தூக்குல போடுவாங்களா?"

மேடையில் அந்தப் புருஷனாக நடித்தவன் நான். முதல் இரண்டு ஆட்டங்களில் கைதட்டலில் மயங்கியிருந்தேன். மூன்றாவதில், "தபால்காரன் ஏன் உன்னைப் பார்த்துச் சிரித்தான்?" என்ற அடி வந்தபோதுதான் உறைத்தது. அது நான் என் மனைவியிடம் கத்திய வார்த்தை. அவளை மடுல்கெல்லைக்கு, தாய்வீட்டுக்கு, விரட்டிய அன்று வாசலில் நின்று அதைக் கேட்டவர் முத்துவேல்.

"என்னையத்தான் எழுதினீங்களா?" என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"வார்த்தை ஒங்களோடது. அவன் அழுவுற மெட்டு என்னோடது. யாரப் பத்தி எழுதினாலும் அழுகைய நம்மகிட்டேருந்துதான் எடுக்கணும். அது கெடக்கட்டும், மொதல்ல போய் அவங்களக் கூட்டிட்டு வாங்க."

போனேன். மூன்றாம் தடவைதான் அவள் வந்தாள். ஊர் பேசியதையெல்லாம் கேட்டும் முத்துவேல் என் பெயரைச் சொல்லவில்லை. மீனாட்சி அம்மாளும் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. என் மேல் வருகிற கோபம் ஊர் மேல் வருவதைவிட அதிகம்.

எட்டாம் நாள் அவர் வீட்டில் கூடியிருந்தோம். உள்ளே மீனாட்சி அம்மாள் இருக்கிறார் என்றும் பாராமல் ஒரு வக்கீல், "தம் குற்றத்தைத் தாமே மேடையேற்றிய உத்தமர்" என்று பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "வக்கீல் ஐயா, அந்தப் புருஷன் நான். இவரு பெண்சாதிய ஒரு நாள் அதட்டினதுகூட இல்ல. உள்ள போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

வக்கீல் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இப்பவாச்சும் சொன்னீங்களே."

முத்துவேலால் எனக்கு மிஞ்சியது என் மனைவி இருக்கிற வீடு. அவர் வீட்டின் மேல் ஏறிய பழி என்னுடையது. அவரை அறிந்த எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.