ரொறன்ரோவில் விழுந்துகொண்டே இருந்த மணப்பெண்

சிட்னியின் பிளாக்டவுனில் தமிழ் வீடியோக் கடை போட்டவன் நான். பழுதென்று எறிந்த இரண்டு வீடியோ டெக்குகளைப் பிரித்து ஒன்றாக்கி ஓட வைத்தவன் நான். சிட்னியில் மட்டுமல்ல, மெல்பேர்னின் ஸ்பிரிங்வேல் வரை வான் வண்டியை ஓட்டிப்போய்க் கலியாண வீடுகளைப் படம் பிடித்தவனும் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆங்கிலக் கையேடுகளை அதிலிருந்த படங்களைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். என் சொந்தக் கலியாணத்தையும் நானே படம் பிடித்தேன். இந்த ஊரில் வேறு எவராவது அப்படிச் செய்திருந்தால் வந்து சொல்லட்டும்.

முக்காலியில் கமராவைப் பூட்டி ஓடவிட்டு மணவறையில் போய் இருந்தேன். தாலி கட்டி முடிந்ததும் எழும்பிப்போய் ஃபோகஸ் சரியா என்று பார்த்துவிட்டு வந்தேன். என் மனைவி இன்றைக்கும் விடமாட்டாள்.

“மூண்டு முடிச்சும் போட்டிட்டு இவர் முதல்ல பாத்தது என்னை இல்லை, கமராவை.”

கலியாணத்துக்கு வர முடியாமற்போனது ரொறன்ரோவில் இருந்த என் அக்காவுக்குத்தான். தாய்க்குத் தாயாக என்னை வளர்த்தவள். அவளுக்கென்றே ஒரு வீடியோக் கசற் அனுப்பினேன். அவளோ அயல் சனத்தையெல்லாம் கூப்பிட்டு, வடை சுட்டு, கதிரை போட்டு இருத்திவிட்டுக் கசற்றைப் போட்டிருக்கிறாள். உடனே டெலிபோன் வந்தது.

“தம்பி, என்னடா இது? நிறமும் இல்லை. உன்ர பொம்பிளை மேல இருந்து கீழ விழுந்துகொண்டே இருக்கிறா. பிடிக்க ஒருத்தரும் இல்லையோ?”

அன்றுதான் எனக்கு விளங்கியது: அவுஸ்திரேலியாவின் டிவி முறை வேறு, கனடாவின் முறை வேறு, பிரான்ஸின் முறை இன்னும் வேறு. முறை பொருந்தாவிட்டால் நிறம் போய், படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். எங்கள் சனம் மூன்று நாட்டிலும் சிதறியிருக்க, ஒரே கலியாணம் மூன்று பெட்டியில் மூன்று விதமாக ஓடியது. விடுவேனா? முறை மாற்றும் மெஷின் ஒன்றைப் பிடித்து ஊர்க் கலியாணமெல்லாம் மாற்றிக் கொடுத்தேன். என்னுடையது மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. இருபது வருடத்துக்கு மேலாக அக்கா அதைப் பார்க்கவில்லை. கேட்டால், “உன்ர மனிசி விழுந்ததைப் பாத்ததே காணும்” என்பாள்.

பிறகு இன்டர்நெட் வந்தது. எங்கள் தமிழ்ச் சங்கம் பழைய வீடியோப் படங்களையெல்லாம் இணையத்தளத்தில் போட முடிவெடுத்தது. செயலாளர் ஒரு கணினிப் பொறியியலாளர். மண்டபத்தில் ஒரு மாதிரிப் படத்தைத் திரையில் காட்டினார். பழைய தலைவர் பேசுகிறார். அவர் நெற்றியின் குறுக்கே ‘ட்ரையல்’ என்று பெரிய எழுத்து. உரிமம் வாங்காத மென்பொருளால் படத்தைச் சுருக்கினால் அப்படித்தான் விழும்.

“அவரின்ர பதவியும் ட்ரையல்தானோ?” என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது.

“அங்கிள், லைசென்ஸ் எடுத்தா அது போயிடும். பாக்கிறவையும் ஒரு பிளேயர் இறக்க வேணும், அவ்வளவுதான்” என்றார் செயலாளர்.

“ஓம் தம்பி. சிட்னியில ஒண்டு, கனடாவில ஒண்டு, பாரிசில ஒண்டு. நான் இந்தப் படத்தை ஏற்கெனவே பாத்திட்டன்.”

கொம்பியூட்டர் திருத்தும் கடைக்காரர் ஒருவர் எனக்குத் தியோரா பற்றிச் சொல்லியிருந்தார். படத்தைச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். தியோரா என்பது எவரிடமும் அனுமதி கேட்காமல், உரிமத் தொகை கட்டாமல் பாவிக்கக்கூடிய கோடெக். இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு இலவச பிரௌசர், தனியாகப் பிளேயர் ஒன்றும் இல்லாமல், அதைத் தானாகவே காட்டத் தொடங்கியிருந்தது. பெரிய கொம்பனிகள் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தன. நான் சொறியவில்லை.

“குவாலிட்டி குறைவு, அங்கிள்” என்றார் செயலாளர்.

“விழுற பொம்பிளையை விடக் குறைவோ?”

அவருக்கு அது விளங்கவில்லை. நான் விளக்கவுமில்லை. படத்தைத் தியோராவுக்கு மாற்றக் கடைக்காரர் எழுதித் தந்த கொம்பியூட்டர் கட்டளையைப் புதுச் சட்டையொன்றின் உள்ளட்டையில் பெரிதாகப் பிரதிபண்ணிச் சுவரில் ஒட்டினேன். அர்த்தம் தெரியாமலே எழுத்தெழுத்தாகத் தட்டினேன். முதற்படம் தலைகீழாக வந்தது. இரண்டாவதற்குச் சத்தம் இல்லை. மூன்றாவது என் கலியாணம், முழுசாக வந்தது. அதைச் சங்கத் தளத்தில் ஏற்றச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு அக்காவுக்கு டெலிபோன் எடுத்தேன். அவள் மருமகள் அந்தப் பிரௌசரைத்தான் பாவித்தாள். பக்கத்தைத் திறந்தாள், வேறொன்றும் இறக்கவில்லை. ரிசீவருக்குள் என் கலியாண மேளம் கேட்டது.

“தம்பி, இந்த முறை அவ விழேல்லையடா” என்றாள். பிறகு, “ஏன் நடுவில எழும்பி ஓடுறாய்?”

பக்கத்தில் நின்ற என் மனைவி ரிசீவரைப் பறித்தாள். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் என்னைத் திட்டிச் சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருபோதும் திட்டு வாங்கியதில்லை.

அந்த மாதமே சங்கம் எல்லாப் படங்களையும் தியோராவுக்கு மாற்றியது. நல்லது. ஆனால் பக்கத்தின் அடியில் ‘காணொளி வடிவத் தெரிவு: தொழில்நுட்பக் குழு’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் குழுவில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அட்டை இன்னும் என் சுவரில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். அந்த வரியை எடுத்துவிட்டு, என் பெயரைத் தகப்பன் பெயரோடு, தலைவரின் பெயருக்குப் போட்ட அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அடியில் அல்ல, படத்துக்கு மேலே. அக்கா கண்ணாடி போடாமலே வாசிக்க வேண்டும்.