மலைக்கோட்டைக்குக் கீழே செட்டியார் கடை

எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தமிழ்கூட, அம்மா சமையலறைத் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டியதுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். ஆனாலும் அந்தக் கோட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

தேஹு ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்து எங்களுக்கு அது இரண்டாவது தீபாவளி. புனே பக்கம் தீபாவளிக்குப் பிள்ளைகள் வாசலில் மலைக்கோட்டை கட்டுவார்கள். செங்கல் அடுக்கி, நனைத்த சாக்கைப் போர்த்தி, செம்மண் பூசி, புல்லுக்காகக் கடுகு முளைக்கவைத்து, உச்சியில் அரண்மனை வைப்பார்கள். அதில் கடையில் வாங்கிய மகாராஜாவும் வீரர்களும் இருப்பார்கள். அரண்மனையைப் பெரிய பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அடிவாரத்துக் கிராமம் எனக்கு வந்தது.

மேல்மாடி தாயி (மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இந்தியில் அதட்டினாள்: சாயங்காலத்துக்குள் ஊரில் ஆள் இல்லையென்றால் அடுத்த வருஷம் என்னைச் சேர்க்க மாட்டார்களாம்.

தீப்பெட்டிகளால் வீடுகள் செய்துவிட்டேன். ஆட்களுக்கு எங்கே போவது? கடையில் வீரர்கள் மட்டும்தான் விற்றார்கள். கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி இருந்தது. நவராத்திரி முடிந்ததும் அம்மா வேட்டித் துணியில் சுற்றி வைத்த கொலுப் பொம்மைகள் அதில். அடுத்த வருஷத்துக்கு முன் தொட்டால் தோலை உரித்துவிடுவாள். அவள் மதியம் தூங்கும்போது தொட்டேன்.

மாலையில் எங்கள் கிராமத்தில் செட்டியார் கடை விரித்தார். நாதஸ்வரம், தவிலோடு ஒரு கல்யாணக் கோஷ்டி மலையேறியது. வீரர்கள் வாளோடு வழிமறித்தார்கள்.

"அரே, துஷ்மன் ஆயா க்யா?" எதிரி வந்துவிட்டானா என்று தாயி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு இடம் உறுதி.

விளக்கேற்றியதும் பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். கடைசியில் அம்மாவும் வந்தாள். செட்டியாரைப் பார்த்தாள்.

"ஏட்டி, இவர இங்க யாரு கூட்டியாந்தா?"

நான் தாயியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரப் பெண் செட்டியாரைக் காட்டி, "யே கோன் ஹை, வஹினி?" இவர் யார் அண்ணி என்று அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கடைக்காரருக்கு இந்தியில் என்ன என்று யோசித்தாள். "துகான்வாலா."

"இத்னா மோட்டா?" இவ்வளவு குண்டாகவா என்றார் அவர்.

"குட் பேச்னா நஹி. குத் கானா!"

வெல்லத்தை விற்காமல் தானே தின்கிறவராம். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். பிறகு பாதி இந்தி, பாதி திருநெல்வேலியாக ஒவ்வொரு பொம்மைக்கும் கதை சொன்னாள். அந்தக் கல்யாணத்தில் சாப்பாடு மட்டம் என்றுகூடச் சொன்னாள். அரண்மனைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

கூட்டம் இருந்ததால் அடி தப்பியது என்றுதான் நினைத்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அம்மா அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பேசியது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மழையில் மலை கரைந்தது. பொம்மைகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தோம். தவில்காரர் மட்டும் கிடைக்கவில்லை.