லவான் ஹவெல்காவின் செவ்வாய்க்கிழமை மேஜை

லவான் ஹவெல்கா என்ற பெயரை ஆர்டிஸ் முதன்முதலில் கேட்டது எழுபத்தைந்தாம் வருஷத்துப் பனிப்புயலின்போது. ஆர்டிஸின் மூத்த மகள் ஜோலீனுக்கு அப்போது ஆறு வயது. சாயங்காலம் வரவேண்டிய பள்ளிக்கூடப் பஸ் வரவில்லை. வெள்ளைச் சுவர் மாதிரி பனி. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே கயிறு கட்டி, வழி தவறாமல் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மறுநாள் மத்தியானம்தான் தானியக் கிடங்கிலிருந்து தொலைபேசி வந்தது.

"பிள்ளைங்க பதினாலு பேரும் வோட்டாவா குடும்பத்து வீட்டுல பத்திரமா இருக்காங்க ஆர்டிஸ். பஸ் ஓட்டுற அம்மா அரைமணிக்கொரு தடவ தலைய எண்ணிக்கிட்டே இருக்காங்களாம். பிள்ளைங்க குளிரால தூங்கலையா, எண்ணிக்கையால தூங்கலையான்னு தெரியல."

"யாரு ஓட்டுனது?"

"லவான் ஹவெல்கா. மைலோவோட பொண்டாட்டி. உங்க மாமனாருக்கு அந்த ஒத்தக்காது பசுவ வித்தாரே, அவரோட மக."

ஒத்தக்காதுப் பசு எட்டு கன்று போட்டது. அந்தக் குடும்பத்தின் மேல் ஆர்டிஸுக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது.

லவான் முப்பத்தொரு வருஷம் அந்தப் பஸ்ஸை ஓட்டினாள். பிள்ளைகள் இல்லை. புருஷன் மைலோ டிராக்டர் பழுது பார்ப்பவன், பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவன். அறுபத்தைந்து வயதானதும் எல்லோரையும் போல மெடிகேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்தது. அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது, அப்புறம் எதற்கு இன்னொன்று என்று இருந்துவிட்டான். இரண்டு வருஷத்தில் பக்கவாதம். ஆஸ்பத்திரிச் செலவில் அரசாங்கம் தன் பங்கைச் சரியாகவே கொடுத்தது. மிச்சப் பங்குக்காக, மைலோவை அடக்கம் செய்த வசந்தத்தில், லவான் நிலத்தை விற்றாள். அந்த மிச்சத்தைத் தாங்கியிருக்க வேண்டிய துணைப் பாலிசி என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்கு விற்ற பிறகுதான் தெரிந்தது.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாநிலத் தலைநகர் லிங்கனுக்குப் போய், மெடிகேர் பற்றி மாநில அரசு இலவசமாக நடத்தும் வகுப்பில் சேர்ந்து, தேர்வு எழுதி, காப்பீட்டில் குழம்பியவர்களுக்கு வழி சொல்ல ஊர் நூலகத்தில் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டுக்கொண்டாள். செவ்வாய்தோறும் ஒன்பது மணிக்கு. ஃபிளாஸ்க் நிறையக் காப்பி, கூர் சீவிய பென்சில்கள். கூலி கிடையாது. எந்தக் கம்பெனியின் பாலிசியையும் வாங்கு என்று சொல்லவும் கூடாது. இருப்பதை விரித்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

ஆர்டிஸுக்கு அந்த மேஜை தேவைப்பட்டது ஒரு நவம்பர் மாதத்தில். அவள் புருஷன் எமிலுக்கு அப்போது எழுபத்தேழு. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, பிப்ரவரிக்குள் மாற்ற வேண்டும் என்று ஓமஹா மருத்துவர் சொல்லியிருந்தார். பத்து வருஷமாக எமிலைப் பார்க்கிற மருத்துவர். ஆனால் அவருடைய ஆஸ்பத்திரி எமிலின் புதுக் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இல்லை.

புதுத் திட்டம் வந்த கதை இது. எமிலின் அக்கா பிளான்ச், அவளுடைய இளைய மகன் கர்ட், காப்பீட்டு முகவர். முந்தின வருஷம் அக்டோபரில் ஓட்டலில் எல்லோருக்கும் வறுத்த வாத்தும் முட்டைக்கோசும் வாங்கிக் கொடுத்து ஒரு கூட்டம் போட்டான். மாதம் சந்தா இல்லை, பல்லுக்கும் கண்ணுக்கும் உண்டு என்றான். பொய் சொல்லவில்லை. முழுவதும் சொல்லவுமில்லை. ஓட்டலில் இருந்த பாதிப்பேர் அவனுக்குச் சொந்தக்காரர்கள். அக்கா மகன் கையில் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறான், வாத்தைத் தின்றுவிட்டு எப்படி மாட்டேன் என்பது? எமில் கையெழுத்துப் போட்டான். பதினோரு வருஷமாகக் கட்டிவந்த துணைப் பாலிசியை விட்டான்.

இப்போது பழைய பாலிசிக்குத் திரும்பலாம் என்றால், இதயம் கெட்டவனை எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்?

"லவான்கிட்ட போலாம்" என்றாள் ஆர்டிஸ்.

"ஊர் பூரா என் வால்வப் பத்திப் பேசவா?"

"அதெல்லாம் போன வாரமே பேசி முடிச்சாச்சு. வண்டிய எடு."

நூலகத்தில் லவான் எமிலை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜோலீன் இன்னும் பாடுறாளா? அந்தப் புயல்ல ஒரே பாட்ட நாப்பது தடவ பாடினா. எனக்குப் பனிய விட அதுதான் பயமா இருந்துச்சு."

எமில் சிரித்துவிட்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். அதுவே பெரிய விஷயம்.

"எனக்கு இந்த மெடிகேரே புரியல லவான்" என்றான். "அரசாங்கம் தர்றப்போ இந்தத் துணை எதுக்கு?"

"நீ சோளம் போட்டவன்தானே. பத்து வரிசையில எட்ட அரசாங்கம் அறுத்துக் கொடுத்துரும். ரெண்டு வரிசை உன் பாடு. வயல் சின்னதா இருந்தா காலையிலயே முடிச்சிடுவ. ஆனா வயல் எவ்வளவு நீளம்னு யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. மைலோவோட வயல் முடியவே இல்ல. அந்த ரெண்டு வரிசைய அறுக்க வர்ற ஆள்தான் துணைப் பாலிசி. மெடிகேர எடுத்துக்கற எந்த ஆஸ்பத்திரிக்கும் கூடவே வருவான்."

"கர்ட் குடுத்தது?"

"அது வேற. மொத்த வயலையும் ஒரு கம்பெனிகிட்ட ஒப்படைக்கறது. அவங்க கொண்டுவர்ற மெஷின், அவங்க சொல்ற நாள். நிறையப் பேருக்கு அது சரியாத்தான் இருக்கு. உனக்கு இப்போ சரியா இல்ல." பென்சிலை எடுத்தாள். "முதல் தடவையா துணைய விட்டுட்டு இதுல சேர்ந்தவங்க, பன்னிரண்டு மாசத்துக்குள்ள திரும்பி வரலாம். பழைய கம்பெனி அந்தப் பாலிசிய இன்னும் வித்துக்கிட்டு இருந்தா, திரும்பக் குடுத்துத்தான் ஆகணும். உடம்பப் பத்தி ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

எமிலின் முகம் தொங்கிப்போனது. "போச்சு. வாத்து சாப்பிட்டது போன அக்டோபர். சோயா அறுத்த வாரம். பதிமூணு மாசம் ஆச்சு."

ஆர்டிஸ் கைப்பையின் வாரை முறுக்கினாள். எதிரே சுவரில் குழந்தைகள் ஒட்டிய காகித வான்கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்ட நாளையா எண்ணுற?" என்றாள் லவான். "திட்டம் என்னிக்கு ஆரம்பிச்சுதோ அன்னியிலிருந்து எண்ணணும். சேர்த்துக்கிட்டோம்னு ஒரு கடுதாசி வந்திருக்கும். அதுல தேதி இருக்கும். எங்க வெச்சிருக்க?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஃப்ரீசர்ல" என்றாள் ஆர்டிஸ்.

லவான் ஆச்சரியப்படவில்லை. வீடு எரிந்தாலும் ஃப்ரீசருக்குள் இருப்பது எரியாது என்று அந்தப் பக்கத்தில் பத்திரங்களை அங்கேதான் வைப்பார்கள். "போய் எடுத்துட்டு வாங்க. பழைய பாலிசியும் வேணும். காப்பி சூடா இருக்கும்."

வீட்டில் எமில் குனியக் கூடாது என்பதால் ஆர்டிஸே அந்தப் பெரிய ஃப்ரீசர் பெட்டிக்குள் தலையை விட்டாள். கோடைச் சோளம் பன்னிரண்டு பை, மருமகன் சுட்ட மானின் தொடை, எப்போதோ வாங்கிய பட்டாணி. எல்லாவற்றையும் தரையில் இறக்கினாள். விரல்கள் மரத்துப்போயின. அடியில், உறைந்துபோன பிளாஸ்டிக் பையில் கல்யாணச் சான்றிதழ், வண்டிப் பத்திரம், பழைய பாலிசி. கர்ட்டின் கம்பெனிக் கடிதம் மட்டும் காணோம்.

"பிளான்ச் பிறந்தநாள் வாழ்த்த எங்க வெச்ச?" என்று கேட்டாள் திடீரென்று.

"ஏன்?"

"கர்ட்டோட பேரு இருக்கற எல்லாத்தையும் அவங்கம்மா அனுப்புனதோட சேர்த்து வெச்சிருப்ப. உன்னத் தெரியாதா?"

வாழ்த்து அட்டைகள் இருந்த பிஸ்கட் டப்பாவில் கடிதம் இருந்தது. திட்டம் தொடங்கும் நாள்: ஜனவரி ஒன்று.

நூலகத்தில் லவான் விரல் விட்டே எண்ணினாள், பஸ்ஸில் தலைகளை எண்ணியது போல, உதடு அசைய. பத்து மாதம் முடிந்து பதினோராவது ஓடிக்கொண்டிருந்தது.

பழைய கம்பெனிக்குத் தொலைபேசி போட்டாள். எடுத்த பெண், உடல்நிலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் முடியாது என்றாள்.

"நீங்க சின்ன வயசும்மா, தப்பு உங்க மேல இல்ல" என்றாள் லவான். "உங்க மேலதிகாரிய கூப்பிடுங்க. நான் காத்திருக்கேன். எனக்கு இன்னிக்கு வேற வேலையே இல்ல."

காத்திருந்தார்கள். தொலைபேசியில் இசை ஓடிக்கொண்டிருந்தது. லவான் சீட்டுக்கட்டை எடுத்தாள். மூன்று ஆட்டம் எமில் தோற்றான்.

"நோயாளிய ஜெயிக்க வெச்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

"வால்வுதான் கெட்டுப்போச்சு. மூளைக்கென்ன கேடு? ஒழுங்கா ஆடு."

மேலதிகாரி வந்தார். லவான் விதியைச் சொன்னாள், கடிதத்தின் தேதியைச் சொன்னாள், அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு விண்ணப்பம் அனுப்புவதாகச் சொன்னார். மாத்திரைகளுக்குத் தனித் திட்டம் ஒன்றையும் கெடு தேதிக்கு முன்பே லவான் பதிவு செய்ய வைத்தாள். ஜனவரி ஒன்றில் அது தொடங்கும்போது கர்ட்டின் திட்டம் தானாக விலகிவிடும். விண்ணப்பம் வந்ததும் எமில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"கர்ட்கிட்ட யாரு சொல்றது?"

"நீதான்" என்றாள் ஆர்டிஸ். "வாத்து தின்னது நீ."

கிறிஸ்துமஸ் விருந்தில் உருளைக்கிழங்கு பிசைந்துகொண்டிருந்தபோது சொன்னான். கர்ட் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு, "என் மாமியாருக்கு அடுத்த மாசம் அறுபத்தஞ்சு ஆகுது. அவங்க அந்த மேஜைக்குப் போனா லவான் என்னைப் பத்தித் திட்டுவாளா?" என்று கேட்டான்.

"திட்ட மாட்டா" என்றான் எமில். "எண்ணுவா."

பழைய பாலிசியின் புது அட்டை டிசம்பர் கடைசி வாரத்தில் வந்தது. ஜனவரி மூன்றாம் வாரம் ஓமஹாவில் வால்வு மாற்றினார்கள். கண் விழித்ததும் எமில் கேட்டது சீட்டுக்கட்டு.

இப்போது லவானுக்கு எண்பது வயது. கண் பார்வை மங்கிவிட்டதால் வண்டி ஓட்டுவதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் எமில் அவளை ஏற்றிக்கொண்டு வருகிறான். பின் சீட்டிலிருந்து அவள், அவன் வண்டி ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருகிறாள். ஒன்பது மணிக்கு நூலகத்தில் ஜன்னலோர மேஜையில் இருக்கிறாள்.